சக்கையில் நாய்ப் பிஸ்கற்: வன்னி வீட்டில் செய்யும் முழு முறை

வற்றாப்பளைப் பொங்கலுக்கென்று ஸ்காபரோவில் இருந்து வந்த பெரியம்மா மகன் பெட்டியைத் திறந்தார். பிள்ளைகளுக்குச் சொக்லேற், அம்மாவுக்குக் கோடாலித் தைலம், அதற்கடியில் ஒரு கடதாசிப் பை. பைக்குள் மண்ணிறத்தில் சின்னச் சின்னச் சதுரத் துண்டுகள்.

"இது கறுப்பனுக்கு" என்றார்.

"நாய்க்குமோ கனடாவில இருந்து சாமான்?" என்று அம்மா கேட்டதை எங்கள் வீட்டில் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

அண்ணை அங்கே வீட்டிலேயே பியர் வடிக்கிறவர். சொந்தப் பாவனைக்கு வடிக்க அங்கே தடையில்லை. 20 லீற்றர் வடிக்க 4 முதல் 5 கிலோ வரை முளைகட்டிக் காயவைத்த பார்லி வேண்டும். அதை உடைத்து, 65 முதல் 68 பாகை வரை சூடான நீரில் ஒரு மணி நேரம் ஊறவிட்டால் தானியத்தின் மாப்பொருள் இனிப்பாக மாறி நீரோடு போய்விடும். கோதும் நாரும் புரதமும் பின்னுக்கு நிற்கும். அதுதான் சக்கை. போட்ட தானியத்தின் பாரத்துக்குக் குறையாமல் ஈரச் சக்கை மிஞ்சும். கொட்ட மனமில்லாமல் அவர் பிஸ்கற் சுடத் தொடங்கியிருக்கிறார்.

கறுப்பன் முதல் துண்டை வாங்கிக்கொண்டு நேரே கச்சான் தோட்டத்து வேலியோரம் போய்க் கிண்டிப் புதைத்துவிட்டு வந்தான். இரண்டாவதைத் தின்றான். பை முடிந்த பிறகு நானே செய்து பார்க்க வேண்டி வந்தது. அதற்குப் பிறகு பல தடவை சுட்டுவிட்டேன். அதில் இரண்டு தடவை முழுவதும் குப்பைக்குப் போனது. இரண்டும் ஒரே பிழையால். அந்தப் பிழையைப் பற்றித்தான் கீழே அதிகம் சொல்லப்போகிறேன்.

சக்கைக்கு எங்கே போவது?

முதலில் ஒன்று. இலங்கையில் அனுமதிப்பத்திரம் இல்லாமல் மதுபானம் உற்பத்தி செய்ய முடியாது. 1912ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டம் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. நாய்க்குப் பிஸ்கற் சுடப்போய் மதுவரித் திணைக்களத்துக்குப் பதில் சொல்லத் தேவையில்லை.

தேவையான பொருள் எங்கள் அடுப்படியிலேயே கிடக்கிறது. சின்னப்பிள்ளைக்குக் குரக்கன் பால் காய்ச்சுகிறவர்கள் குரக்கனை முளைகட்டி, அரைத்து, துணியில் வடித்துப் பாலை எடுக்கிறார்கள். துணியில் நிற்பது அண்ணையின் பார்லிச் சக்கைக்கு ஒன்றுவிட்ட சகோதரம். இவ்வளவு நாளும் அது கோழிக்குப் போனது. பார்லித் தண்ணீர் அவித்தால் அடியில் மிஞ்சும் பார்லியும் உதவும். அதில் மாப்பொருள் அப்படியே இருப்பதால் கலவை களிபோல வரும், ஆகவே தண்ணீர்ப் பக்கம் கை போகக்கூடாது.

கள்ளு மண்டியைச் சேர்த்தால் நொதித்த மணம் நன்றாக வரும் என்று ஊரில் ஒருவர் யோசனை சொன்னார். வேண்டாம். அதில் மதுசாரமும் உயிரோடுள்ள ஈஸ்ட்டும் இருக்கின்றன. நாயின் உடம்பு மதுசாரத்தைத் தாங்காது, சிறிய அளவே தள்ளாட்டத்திலும் வாந்தியிலும் கொண்டுபோய் விடும். அதே காரணத்தால் ஈஸ்ட் போட்டுப் பொங்கிய பச்சைப் பாண் மாவையும் நாய்க்கு எட்டாமல் வையுங்கள். வயிற்றுக்குள் போயும் அது பொங்கும்.

வெளிநாட்டில் பியர் வடிக்கும் உறவுகளுக்கு: ஹொப்ஸ்

இங்கே இருக்கிறவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம். ஆனால் உங்கள் தம்பியோ மச்சானோ ரொறொன்ரோவிலோ லண்டனிலோ வாளி வைத்து வடிக்கிறார் என்றால் இதை அப்படியே அனுப்பிவிடுங்கள்.

ஹொப்ஸ் என்பது பியருக்குக் கசப்பும் மணமும் கொடுக்கும் ஒரு கொடியின் பூ. அது நாய்க்கு நஞ்சு. தின்ற சில மணி நேரத்துக்குள் நாய்க்கு மூச்சிரைக்கத் தொடங்கும், ஓரிடத்தில் நில்லாது, வாந்தி எடுக்கும், இதயம் வேகமாக அடிக்கும். உடம்புச் சூடு ஏறிக்கொண்டே போகும். சாதாரணமாக நாயின் உடல் வெப்பநிலை 38 முதல் 39.2 பாகை செல்சியஸ் வரை. ஹொப்ஸ் தின்ற நாய்க்கு அது 41ஐத் தாண்டலாம், பிறகு வலிப்பும் சாவும். கிரேஹவுண்ட் இன நாய்களில் இது அதிகம் காணப்பட்டிருக்கிறது. அதற்காக மற்ற நாய்களுக்கு வராது என்று நினைக்கக்கூடாது. இவ்வளவு தின்றால் பரவாயில்லை என்று ஓர் அளவும் கிடையாது. காய்ச்சி எடுத்த பழைய ஹொப்ஸும் நஞ்சுதான்.

வடிக்கும் ஒழுங்கு தெரிந்தால் இதைத் தவிர்ப்பது சுகம். தானியத்தை ஊறவைத்து, சக்கையைத் தூக்கி எடுத்த பிறகுதான் இனிப்பு நீரைக் கொதிக்கவைத்து ஹொப்ஸ் போடுவார்கள். எனவே சக்கை இயல்பாகவே சுத்தம். பிழை நடப்பது இரண்டு இடத்தில். சிலர் மணத்துக்காகத் தானியத்தோடேயே ஹொப்ஸைப் போட்டு ஊறவிடுவார்கள், அந்தச் சக்கை நாய்க்கு ஆகாது. மற்றது, வேலை முடிந்து எல்லாவற்றையும் ஒரே வாளியில் கொட்டுவது. சக்கையை எடுத்து, மூடி, வேறு அறைக்கே கொண்டுபோன பிறகு ஹொப்ஸ் பொதியை வெட்டுங்கள். தோட்டத்துப் பசளைக் குழியில் ஹொப்ஸைக் கொட்டுகிறவர்கள் அந்தக் குழிக்கு வேலி போடவேண்டும். நாய் தின்றுவிட்டதென்று சந்தேகம் வந்தால் வாந்தி வரட்டும் பார்ப்போம் என்று காத்திருக்காமல், உடம்பில் தண்ணீர் ஊற்றி நனைத்தபடி கால்நடை வைத்தியரிடம் ஓடுங்கள்.

குரக்கனில் இருந்து சக்கை

அரைக் கிலோ குரக்கன் எடுங்கள். எவ்வளவு இறுக்கிப் பிழிகிறீர்கள் என்பதைப் பொறுத்து ஏறக்குறைய 2 கோப்பை சக்கை வரும். சுளகில் புடைத்து, அரிக்கன் சட்டியில் மண் போக அரியுங்கள். களத்தில் அடித்த குரக்கனில் மண் இல்லாமல் இருக்காது. நாய் முறைப்பாடு சொல்லாது, ஆனால் பல் தேயும்.

இரவு ஊறப்போட்டு, காலையில் வடித்து, ஈரப் பருத்தித் துணியில் தளர்வாகக் கட்டித் தொங்கவிடுங்கள். வன்னிச் சூட்டுக்கு ஒரு நாள், மிஞ்சினால் ஒன்றரை நாள் போதும். துணி காயாமல் இடைக்கிடை தண்ணீர் தெளிக்க வேண்டும். முளை 2 மில்லிமீற்றர் தலைகாட்டினால் சரி. புளித்த மணமோ வழுவழுப்போ இருந்தால் அந்தக் குரக்கன் போய்விட்டது, பிள்ளைக்கும் வேண்டாம், நாய்க்கும் வேண்டாம்.

கிரைண்டரில் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டு அரைத்து, துணியில் வடித்தெடுங்கள். பால் கஞ்சிக்குப் போகட்டும். சக்கையை இன்னொரு தடவை முறுக்கிப் பிழியுங்கள், பிறகும் ஒரு தடவை. கையில் ஒரு பிடி எடுத்து இறுக்கினால் விரலிடுக்கில் நீர் கசியக்கூடாது. விட்டால் புட்டுக்குக் குழைத்த மாப்போல உதிர வேண்டும். இந்த இடத்தில் சோம்பல்பட்டால் பிறகு அடுப்பில் இரண்டு மணித்தியாலம் கூட நிற்கவேண்டி வரும்.

ஈரச் சக்கை எங்கள் வெக்கைக்கு மூன்று நான்கு மணி நேரத்தில் புளிக்கத் தொடங்கும். அன்றைக்கே சுட முடியாவிட்டால் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள், அதுவும் மறுநாளுக்கு மட்டும். பார்லிச் சக்கை வைத்திருக்கிறவர்கள் அதை மிக்சியில் ஒரு சுற்று விடுவது நல்லது. பார்லியின் உமி கூர்மையானது, சின்ன நாய்களின் தொண்டையில் குத்தும்.

கலவை

2 கோப்பை சக்கை, 2 கோப்பை மா, அரைக் கோப்பை அரைத்த கச்சான், ஒரு முட்டை. உப்பு, சீனி, பேக்கிங் பவுடர் எதுவும் வேண்டாம். பிஸ்கற் பொங்கி எழும்ப வேண்டிய தேவையில்லை, காய வேண்டும்.

மாவுக்கு நான் பாதி ஆட்டா மா, பாதி வறுத்த சிவப்பரிசி மா போடுகிறேன். அரிசி மா மட்டும் போட்டால் துண்டு உடைந்து பொடியாகும். ஆட்டா மட்டும் போட்டால் நன்றாகப் பிடிக்கும், ஆனால் கோதுமை ஒத்துவராத நாய்கள் இருக்கின்றன. காதைச் சொறிந்துகொண்டும் காலை நக்கிக்கொண்டும் இருந்தால் கோதுமையை விட்டுப் பாருங்கள். அப்போது குரக்கன் மாவும் அரிசி மாவும் சேர்த்து, முட்டையை இரண்டாக்குங்கள். ஊர்க்கோழி முட்டை சின்னதென்றால் எப்படியும் இரண்டு போடலாம்.

கச்சான் கதை கொஞ்சம் நீளம். முறிகண்டியில் பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டு வறுத்த கச்சான் வாங்காமல் போகிற வாகனம் ஏ9 வீதியில் குறைவு. கோதோடு வறுத்ததை வாங்குங்கள். உப்புப் போட்ட பருப்பு நாய்க்கு உதவாது. கோதுடைத்து, தோல் ஊதி, ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். சுருங்கியது, கறுத்தது, கசப்பது எல்லாம் தள்ளுபடி. இது வீண் பயமில்லை. 1960இல் இங்கிலாந்தில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்தன. தேடிப் போனபோது பூஞ்சணம் பிடித்த கச்சான் புண்ணாக்குத் தீவனத்தில் காரணம் அகப்பட்டது. அப்லரொக்சின் என்ற ஈரல் நஞ்சை உலகம் கண்டுபிடித்தது அப்படித்தான். சுட்டாலும் அந்த நஞ்சு அழிந்துவிடாது. நாயின் ஈரலுக்கும் அது எமன். நல்ல கச்சானை அம்மியிலோ மிக்சியிலோ எண்ணெய் கசியும்வரை அரையுங்கள். வெளிநாட்டில் போத்தலில் வாங்குகிறவர்கள் சுட்டுத்துண்டில் சைலிற்றோல் என்ற இனிப்பூட்டி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அது நாயின் இரத்தச் சீனியை மளமளவென்று இறக்கிக் கொன்றுவிடும்.

கச்சான் பிடிக்காவிட்டால் அதே அளவு அவித்து மசித்த பூசணி. கறிச்சட்டியில் மிஞ்சியதை மட்டும் சேர்க்காதீர்கள். வெங்காயமும் உள்ளியும் நாயின் செங்குருதிக் கலங்களை உடைக்கும், சமைத்தாலும் குணம் மாறாது. முந்திரிகை வத்தல் (காய்ந்த திராட்சை), சொக்லேற், சாதிக்காய், இவையும் கூடாது. மீன் போட ஆசையென்றால் அவித்து முள் எடுத்துப் போடலாம், ஆனால் அந்தப் பிஸ்கற்றை வெளியில் வைத்துப் பாவிக்க முடியாது, குளிர்சாதனப் பெட்டியில்தான் வைக்க வேண்டும். கருவாட்டை விட்டுவிடுங்கள், உப்பு எவ்வளவு ஊறவைத்தாலும் முழுதாக இறங்காது.

எல்லாவற்றையும் கையால் பிசைந்தால் றொட்டி மாவைவிடக் கொஞ்சம் முரடான உருண்டை வரும். கையில் ஒட்டினால் மா தூவுங்கள். உதிர்ந்தால் ஒரு மேசைக்கரண்டி தண்ணீர். பலகையில் மா தூவி, கண்ணாடிப் போத்தலால் உருட்டுங்கள். அரைச் சென்ரிமீற்றர் தடிப்புக்கு மேல் போகாதீர்கள். கத்தியால் மூன்றரைச் சென்ரிமீற்றர் சதுரமாக வெட்டி, ஒவ்வொரு துண்டிலும் முள்ளுக்கரண்டியால் குத்துங்கள். நான் முதலில் ஈர்க்கால் குத்தினேன், நுனி முறிந்து ஒரு துண்டுக்குள் நின்றுவிட்டது. தேடி எடுக்க அரை மணி நேரம்.

சுடுவது

அவன் (oven) உள்ளவர்களுக்கு: 175 பாகை செல்சியஸ், 30 நிமிடம். நடுவில் ஒரு தடவை புரட்டுங்கள்.

அவன் இல்லாவிட்டால், அம்மம்மாமார் நத்தாருக்கும் வருசத்துக்கும் கேக் சுட்ட முறை இருக்கிறது. பெரிய அலுமினியச் சட்டியின் அடியில் இரண்டு விரல் உயரத்துக்குக் காய்ந்த மணல், அதன் மேல் மூன்று கல், கல்லின் மேல் பிஸ்கற் தட்டு. தட்டையான மூடியால் மூடி, மூடியின் மேல் சிரட்டைத் தணல். கீழே விறகைக் குறைத்து எரியுங்கள். சூடு சரியா என்று பார்க்க, வெறும் தட்டில் ஒரு சிட்டிகை கோதுமை மா போட்டு மூடுங்கள். ஐந்து நிமிடத்தில் இளம் பொன்னிறமாக வந்தால் சரி. கறுத்தால் தணலைத் தள்ளுங்கள். இதில் 35 முதல் 40 நிமிடம் எடுக்கும்.

மூன்றாவது வழி எனக்குப் பிடித்தது. ஊர் பேக்கரியில் விறகுப் போறணை இருந்தால், கடைசிப் பாண் இறக்கிய பிறகு தட்டை உள்ளே வைக்கக் கேளுங்கள். ஆறிக்கொண்டு போகும் போறணை விடியும்வரை மெல்லிய சூட்டில் இருக்கும். சுடுவதும் காய்வதும் ஒரே வேலையாக முடியும். நாய்க்கு என்று முதலே சொல்லிவிடுங்கள். சொல்லாமல் வைத்தால் காலையில் வேலைக்கு வந்த பெடியன் தேத்தண்ணியோடு நான்கைத் தின்றுவிட்டு "அண்ணை, சீனி காணாது" என்பான். நடந்தது.

காய வைப்பது: நான் இரண்டு தடவையும் பிழைவிட்டது இங்கேதான்

முதல் தடவை 40 நிமிடத்தில் வெளியே எடுத்தேன். தட்டினால் கல் மாதிரிச் சத்தம். ஆறவிட்டு, பால்மாப் பேணியில் போட்டு மூடினேன். நாலாம் நாள் பேணியைத் திறந்தால் பச்சையும் கறுப்புமாகப் பூஞ்சணம். வெளியே காய்ந்து, நடு ஈரமாகவே இருந்திருக்கிறது. சக்கை பஞ்சு மாதிரி நீரைப் பிடித்து வைக்கும். மேல்தோல் இறுகியதும் உள்ளே உள்ள ஈரத்துக்கு வெளியேற வழி இல்லை.

இரண்டாவது தடவை நன்றாகத்தான் காய வைத்தேன். கார்த்திகை மாதம். மழை ஓய்ந்த ஒரு வெயிலை நம்பி முற்றத்தில் பரப்பினேன். வாடைக் காற்றில் காய்ந்த ஈரம் பின்னேரமே திரும்ப ஏறிவிட்டது.

ஆகவே இப்போது செய்வது இப்படி. சுட்டு முடிந்ததும் அவன் சூட்டை 100 முதல் 110 பாகைக்கு இறக்கி, கதவைத் துளி திறந்து, இரண்டு முதல் நான்கு மணி நேரம் விடுகிறேன். மணல் சட்டியில் என்றால் விறகை இழுத்துவிட்டு, வெறும் தணலில், மூடியை ஒரு குச்சி வைத்துச் சற்று உயர்த்தி விடவேண்டும். ஆவி போக வழி வேண்டும். வைகாசி தொடங்கிச் சோளகம் வீசும் மாதங்களில் சுட்ட பிஸ்கற்றைத் தகரத்தில் பரப்பி இரண்டு முழு நாள் வெயிலில் போடலாம். மேலே பழைய நுளம்பு வலை, இல்லாவிட்டால் காகத்துக்கும் அணிலுக்கும்தான் விருந்து. பொழுது சாய முன் உள்ளே எடுங்கள், பனி படக்கூடாது. மாரி காலத்தில் வெயிலை மறந்துவிடுங்கள்.

காய்ந்ததா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. மூன்று சோதனை வைத்திருக்கிறேன். தராசு இருந்தால் தட்டை நிறுத்துப் பாருங்கள், அரை மணி நேரம் கழித்துத் திரும்பவும் நிறுங்கள். பாரம் இறங்கிக்கொண்டிருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. பிறகு, நடுவில் இருந்த தடித்த துண்டாகப் பார்த்து முறியுங்கள். 'படக்' என்று முறிந்து, உள்நிறமும் வெளிநிறமும் ஒன்றாக இருக்க வேண்டும். வளைந்து முறிந்தால் திரும்ப அடுப்புக்கு. கடைசியாக, நன்றாக ஆறிய நாலைந்து துண்டை வெளிச்சம் தெரிகிற கண்ணாடிப் போத்தலில் போட்டு மூடி ஒரு இரவு வையுங்கள். காலையில் உள்பக்கம் புகார் கட்டியிருந்தால் முழுத் தட்டையும் மறுபடி காய வையுங்கள்.

பூஞ்சணம் ஒரு துண்டில் கண்டால் பேணி முழுவதையும் எறியுங்கள். சுரண்டிக் கொடுப்பதில்லை. கோழிக்கும் போடுவதில்லை, வான்கோழிக் கதையை மேலே சொன்னேன்.

வைப்பதும் கொடுப்பதும்

முற்றாக ஆறியபின் பேணியில் இறுக்கி மூடுங்கள். சோளக காலத்தில் ஒரு மாதம் வரை வைத்திருக்கிறேன். மாரியில் இரண்டு கிழமைக்கு மேல் நம்புவதில்லை, மிச்சம் உறைபெட்டிக்குப் போகும். பேணியை ஒரு தண்ணீர்த் தட்டின் நடுவில் வைத்தால் எறும்பு வராது.

முதல் நாள் ஒரு துண்டு மட்டும் கொடுத்து, மறுநாள் வயிறு பாருங்கள். சக்கையில் நார் அதிகம். பழக்கமில்லாத நாய்க்குக் கழிச்சல் வரலாம். பல் போன கிழட்டு நாய்க்கு வெந்நீரில் ஊறவைத்துக் கொடுக்கலாம். கொடுக்கும்போது பக்கத்தில் குடிதண்ணீர் இருக்கட்டும்.

அளவுக்குக் கணக்கு இருக்கிறது. தின்பண்டம் நாயின் நாளாந்தச் சாப்பாட்டில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது. 15 கிலோ நிறையுள்ள ஊர் நாய்க்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 850 கிலோகலோரி வேண்டும். பத்தில் ஒன்று 85. சுமார் 5 கிராம் பாரமுள்ள ஒரு துண்டு 20 கிலோகலோரி அளவில் வரும். ஆக நாளுக்கு நாலு துண்டு.

கறுப்பனுக்கு இரண்டை மாலையிலும் இரண்டை இரவில் பன்றி பார்க்கத் தோட்டத்துக் கொட்டிலுக்குப் போகும்போதும் கொடுக்கிறேன். அம்மா அடுப்படிக் கதவுக்குப் பின்னால் வைத்து ஐந்தாவதைக் கொடுப்பது எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.